பாடும் கல்லும் சானல் கரையும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஓட்டக்காரி இல்லை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின கேரளத்துப் பாறசாலையில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் விளையாட்டு விழா அன்றைக்கு வயிற்றுவலி என்று சொல்லி வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தவள்தான். இங்கிலாந்துக்கு வந்து, ஓர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாகச் சேர்ந்த பிறகுதான் ஓடக் கற்றுக்கொண்டேன். கையில் ஊசியோடு மிஷின் பக்கத்தில் மணிக்கணக்காகப் படுத்திருப்பவர்களை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் எழுந்து ஓடத் தோன்றும். அவர்களில் பாதிப் பேர் சர்க்கரையில் தொடங்கி அங்கே வந்து சேர்ந்தவர்கள். என் அப்பாவும் சர்க்கரைக்காரர். முட்டுக்குக் கீழே ஒரு காலை எடுத்த பிறகு கட்டிலோடு கிடந்துதான் போனார்.

இந்த ஆகஸ்டில் நாங்கள் ஊருக்கு வரவில்லை. அமெரிக்காவில், புளோரிடாவில், ஒரு தீம் பார்க்குக்குப் போனோம். ஊரில் சிலருக்கு இதில் வருத்தம் என்று கேள்வி, ஆகவே விளக்கம் சொல்லவேண்டியிருக்கிறது. இங்கே பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கும் போக முடியாது, அபராதம் போட்டுவிடுவார்கள். பள்ளி விடுமுறையிலோ வார்டில் எல்லாருக்கும் லீவு வேண்டும். மாதக்கணக்கில் முன்னாலேயே எழுதிக்கொடுத்து, மேலதிகாரியின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்து வாங்கின லீவு. அதை எங்கே கழிப்பது என்ற கேள்வி வந்தபோது என் மகள் நிவேதா ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவளுக்குப் பதினைந்து வயது. "பாறசாலையில் நான் என்ன செய்வேன்? வருகிறவர்கள் எல்லாம் என்னை உட்காரவைத்துப் பார்ப்பார்கள்" என்றாள் இங்கிலீஷில். அவள் சொன்னது பொய் இல்லை. என் கணவர் சுகுமாரன் எந்தப் பக்கமும் பேசவில்லை. அவருக்கு ராட்டினம் என்றால் உயிர், அதை வெளியே சொல்ல வெட்கம்.

நாங்கள் தங்கியது தீம் பார்க்கின் சொந்த ஓய்வு விடுதியில். பெரிய ஏரி, அதைச் சுற்றி ஓடுவதற்கென்றே போட்ட பாதை. காலையில் அந்தப் பாதைக்குள் நுழையும் இடத்தில் காவலாளி அறை அட்டையை வாங்கிக் கருவியில் காட்டுவார். எங்களைப் போன்றவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடவும் முடியாது. ஆகவே அப்பா பெயரை அங்கே எழுதியிருந்தேன். அந்தக் காவலாளி தினமும் சிரித்துக்கொண்டே, "குட் மார்னிங், மிஸ் செல்லப்பன்" என்பார். திருவனந்தபுரம் போவதற்கே முகம் சுளித்த அப்பாவை நான் அமெரிக்காவரை இழுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

2

ஓடியது எனக்காக மட்டும் இல்லை. பாறசாலையில் இருக்கிற என் தம்பி விஜயனுக்காகவும்தான்.

விஜயன் சந்தை ரோட்டில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது அபூர்வம். வீட்டுக்கும் கடைக்கும் நடுவே கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான், அதற்கும் ஸ்கூட்டர். அப்பாவின் சர்க்கரை எங்கள் இருவரில் அவனைத்தான் பிடித்துக்கொண்டது. வலது காலில் ஒரு சின்னப் புண், கவனிக்காமல் விட்டான். நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்தார்கள். புண் ஆறிவிட்டது. டாக்டர் மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் வைத்த செருப்பு எழுதிக்கொடுத்தார். இனி தினமும் நட, சர்க்கரையைக் குறை, இல்லாவிட்டால் அடுத்த தடவை விரலோடு நிற்காது என்று சொல்லி அனுப்பினார். அடுத்த தடவை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குக் கட்டுப் போட்டவள் நான்.

அவனோ நடக்கவே இல்லை. கேட்டால், இன்றைக்கு மழை, நேற்று கடையில் ஆள் இல்லை, நாளை முதல் கட்டாயம். அவன் மனைவி ஷீலா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். நான் போனில் திட்டினால் சிரிப்பான். ஊரில் இருந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு வாயால் என்ன செய்ய முடியும்?

புளோரிடாவுக்குக் கிளம்புமுன் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். எங்கள் காலை அவனுக்குச் சாயங்காலம். நான் ஏரியைச் சுற்றி ஓடும்போது வீடியோவில் அவனைக் கூப்பிடுவேன். அவன் நெய்யாற்றுச் சானல் கரையில் நடக்கவேண்டும். சானல் என்றால் டிவி சானல் இல்லை, எங்கள் ஊரில் கால்வாய்க்கு அதுதான் பெயர். நான் அவனுக்கு அமெரிக்காவைக் காட்டுவேன், அவன் எனக்குச் சானலைக் காட்டவேண்டும். நடந்து முடிந்ததும் உள்ளங்காலைக் கேமராவில் காட்டவேண்டும். அதில் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று நான் பார்ப்பேன். அவன் உடனே ஒத்துக்கொண்டான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

3

புளோரிடாவின் காலை, ஊரின் காலைதான். படியிறங்கும் முன்பே கழுத்தில் வியர்வை. இங்கிலாந்தில் எவ்வளவு ஓடினாலும் முதுகுதான் நனையும், முகம் குளிரில் விறைத்துக் கிடக்கும். இங்கே முழுசாக நனைந்தேன். பல வருஷங்களுக்குப் பிறகு என் சொந்த வியர்வையின் வாசனை வந்தது, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு நெய்யாற்றின்கரைக்கு நர்ஸிங் படிக்கப் போன நாட்களின் வாசனை.

ஏரியின் மறுகரையில் தீம் பார்க்கின் கோட்டை. இருட்டு விலகும்வரை அதில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பாதை ஓரத்தில் இசை கேட்கும். முதல் நாள் விஜயனுக்கு அதுதான் விசேஷம்.

"அக்கா, ஆரு பாடுதாவ?"

"கல்லு."

"கல்லா?"

"கல்லு மாதிரி செஞ்சு உள்ள ஸ்பீக்கர் வச்சிருக்காவ. இங்க பாரு." குனிந்து காட்டினேன்.

"காலத்தே எழும்பி கல்லு பாடுது. நல்ல ஊராக்கும்."

கொஞ்சம் தள்ளி ஒரு அறிவிப்புப் பலகை. தண்ணீர் அருகே போகாதே, முதலை உண்டு, பாம்பு உண்டு, ஏதாவது நடந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்கிற அளவுக்குப் படமும் எழுத்தும். அதையும் காட்டினேன்.

"கள்ளிக்காட்டு டேமுக்கிட்ட நம்ம மாமனுக்க வீட்டுப் பக்கம் போர்டா வச்சிருக்காவ?" என்றான் விஜயன். "அங்க முதலைக்கும் தெரியும், ஆளுக்கும் தெரியும்."

அவன் பக்கத்தில் சானல் கரை ஓடியது. மழை விட்ட சாயங்காலம். ஒரு பக்கம் ரப்பர், ஒரு பக்கம் வாழை, நடுவில் கலங்கின கொஞ்சம் தண்ணீர். புதிதாகக் கட்டின ஒரு வீட்டின் மதிலுக்குக் கடுமையான ஊதா நிறம் அடித்திருந்தார்கள். "இது நம்ம கடைப் பெயிண்டாக்கும்" என்றான் பெருமையாக. அந்த நிறத்துக்கு யாரும் பெருமைப்படலாகாது, ஆனாலும் நான் நன்றாக இருக்கிறது என்றேன். நடக்கிற மனிதனை ஏன் வருத்தவேண்டும்?

முடிவில் உள்ளங்காலைக் காட்டினான். சுத்தமாக இருந்தது. சிவப்பின் அடையாளமே இல்லை. "செருப்பு நல்ல செருப்பு. இப்படியே நட மக்கா" என்றேன். அன்றைக்கு ராட்டின வரிசையில் வெயிலில் கால்கடுக்க நின்றபோதும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. சுகுமாரன் கேட்டார், "என்ன, ரைடில் ஏறும் முன்னாலேயே சிரிக்கிறாய்?" என்று. தம்பி நடக்கத் தொடங்கிவிட்டான் என்றேன்.

4

ஊரில் ஓடுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். கடைசியாக லீவில் வந்தபோது, பழக்கத்தை விடக்கூடாதென்று காலையில் அதே சானல் கரையில் ஓடினேன். முதல் வளைவிலேயே ஒரு பைக் நின்றது. "அக்கா, ஏறு. எங்க விடணும்?" என்றான் யார் வீட்டுப் பையனோ. வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு ஓடினேன். அடுத்து பால் வாங்கிக்கொண்டு வந்த ஒரு அம்மா மலையாளத்தில், "எந்து பற்றி மோளே?" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். ஒன்றும் ஆகவில்லை, சும்மா ஓடுகிறேன் என்றேன். அது அவருக்கு இன்னும் பயத்தைத் தந்தது. நான் வீடு திரும்பும்போது முற்றத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். செல்லப்பன் மகள் லதா ஓடிப்போனதைக் கண்டவர்கள், வீட்டில் யாருக்கு என்ன என்று விசாரிக்க வந்திருக்கிறார்கள். ஷீலா அவர்களுக்குச் சாயா போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ அங்க ஓடு, இஞ்ச ஓடாத" என்றான் விஜயன். "ஆளுவ பயப்படுதாவ."

இங்கிலாந்தில் இருபது வருஷம் ஒரே தெருவில் ஓடினாலும் யாரும் எங்கே என்று கேட்க மாட்டார்கள். எதிரே வருகிறவர் தலையை லேசாக அசைப்பார், அவ்வளவுதான். தொடக்கத்தில் அது என்னை வாட்டியது. நான் விழுந்து கிடந்தாலும் இவர்கள் தலையை அசைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்ததுண்டு. பிறகு பழகிவிட்டது. பிறகு, உண்மையைச் சொன்னால், பிடித்தும்போனது.

கேட்கப்படுவதில் எனக்குக் கொஞ்சம் அலுப்பு உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. இங்கே தமிழ்ச் சங்கத்துக்குப் போனால், பேச்சைக் கேட்டுவிட்டு நீங்கள் மலையாளியா என்பார்கள். ஓணத்துக்கு மலையாளிச் சங்கத்துக்குப் போனால் தமிழா என்பார்கள். எல்லையில் பிறந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் விருந்தாளி இலைதான். சங்கம் நடத்துகிற ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நிவேதா சின்ன வயதில் "தவளை சாடியது" என்று எழுதினாள். டீச்சர் அதைச் சிவப்பு மையில் அடித்துக் "குதித்தது" என்று போட்டார். எங்கள் ஊர்த் தவளைகள் என்றும் சாடியவைதான். அதற்குப் பிறகு அவள் அந்த வகுப்புக்குப் போகமாட்டேன் என்றாள், தமிழில் பேசுவதும் குறைந்தது. மாமாவிடம் இங்கிலீஷில் பேசுவாள், அவன் பாறசாலைப் பேச்சில் பதில் சொல்வான். இருவரும் சிரித்துவிட்டுப் போனை என்னிடம் தந்துவிடுவார்கள்.

5

குட்டு வெளிப்பட்டது நிவேதாவால்.

ஒரு நாள் காலையில், ராட்டினத்தில் முந்தினநாள் சுற்றினது போதாதென்று, அவளும் என்னுடன் ஓட வந்தாள். பக்கத்தில் ஓடிக்கொண்டே என் போனை எட்டிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் பார்த்திருப்பாள்.

"அம்மா, மாமா நடக்கவில்லை" என்றாள்.

"என்ன?"

"படம் குலுங்கவே இல்லை. நீ அனுப்புகிற படத்தைப் பார்த்தால் மாமாவுக்கு வாந்தி வரும். அவருடையது சினிமா மாதிரி போகிறது. அவர் மூச்சும் வாங்கவில்லை."

நின்றுவிட்டேன். திரையில் வாழைகள் வழுக்கிக்கொண்டு போயின. ஒரே சீரான வேகம். தினமும் நோயாளியின் மூச்சை எண்ணுகிற எனக்கு அது கண்ணில் படவில்லை.

"எலே விஜயா, நீ எதுல போற?"

"நடந்துதான் அக்கா."

"போனைத் தாத்து. காலைக் காட்டு."

படம் மெல்லக் கீழே இறங்கியது. செருப்புப் போட்ட இரண்டு கால்கள், அவற்றின் கீழே ரப்பர் பாய், முன்னால் காக்கிச் சட்டை போட்ட ஒரு முதுகு. கரண்டில் ஓடுகிற ஆட்டோ. சத்தமே போடாது, ஆகவே எனக்குக் கேட்கவில்லை. ஓட்டுகிறவன் அவனுடைய கூட்டுக்காரன் சாபு. "ஞான் சும்மா வந்நதா சேச்சீ" என்றான் மலையாளத்தில், திரும்பாமலே.

சிவப்பே இல்லாத உள்ளங்கால் நினைவுக்கு வந்தது. அதை நான் பாராட்டியது அதைவிட வேகமாக வந்தது. என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கல் பாடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஓடினவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள். "அப்பாவுக்குக் கட்டுப் போட்டது நானாக்கும். இனி உனக்குப் போட நான் அங்க இல்ல, அது தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டேன்.

நாங்கள் அறைக்குத் திரும்பும் வழியில் அவனே கூப்பிட்டான். இப்போது ஆட்டோ இல்லை, வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, நீ அங்க ஓடும்போ ஆரெங்கிலும் உன்கிட்ட எதாவது கேக்காவளா?"

"இல்ல."

"அதாக்கும் காரியம். இஞ்ச கரையில ஏறினா முதல் வளைவு தாண்டாண்டாம், வண்டி நிக்கும். ஏறுன்னு சொல்லுவாவ. வண்டி என்னாச்சு, வித்தியான்னு கேப்பாவ. இல்ல, நடக்கப் போறேன்னு சொன்னா குனிஞ்சு காலைப் பாப்பாவ. அப்புறம் ஒண்ணும் கேக்கமாட்டாவ. அப்பா கட்டில்ல கெடந்தப்போ வாசல்ல நின்னு பாப்பாவல்லா, அதே பார்வையாக்கும். எனக்கு வய்யா அக்கா, முடியல."

அவன் சோம்பேறி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கேட்காத ஊரில் நான் ஓடிக்கொண்டிருந்தேன், கேட்கிற ஊரில் அவன் நடக்கவேண்டியிருந்தது.

6

நிவேதா இங்கிலீஷ்காரர்களின் யோசனையைச் சொன்னாள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டால் யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள். இங்கிலாந்தில் பஸ்ஸிலும் ரயிலிலும் அவள் செய்வது அதுதான், வீட்டிலும் அதுதான். மாமா மருமகளின் பேச்சுக்குக் கட்டுப்பட்டு, கடைக்குப் பக்கத்திலேயே வெள்ளை நிறத்தில் இரண்டு வாங்கி மாட்டிக்கொண்டு கரையில் ஏறினான்.

பைக்குகள் நின்றன. கேட்டார்கள். அவன் கேட்காத மாதிரி நடந்தான். ஒருவர் வண்டியை முன்னால் கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்தி இறங்கினார். அவன் காதை உற்றுப் பார்த்தார். "மக்கா, காதும் போச்சா?" என்றார் உரக்க. அன்று விளக்கு வைக்கும் முன்னாலேயே, சுகர் கூடி விஜயனுக்குக் காது கேட்காமல் போய்விட்டது, மிஷின் வைத்திருக்கிறார்கள் என்று சந்தை முழுக்கப் பேச்சு. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் அவனிடம் சத்தம் போட்டுப் பெயிண்ட் கேட்டார்களாம். இதை அவன் சொன்னபோது நிவேதா பாதையோரத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரித்தேன், ஆனால் மனதுக்குள் பயம்தான். இனி அவன் வெளியே இறங்கமாட்டான் என்று பட்டது. எங்கள் விடுமுறையும் முடியப்போகிறது. வார்டுக்குத் திரும்பினால் ஷிப்ட் நேரத்தில் இப்படித் தினமும் கூப்பிட முடியாது.

அடுத்த நாள் எங்கள் இருவர் வற்புறுத்தலில் ஏறினான், இயர்போன் இல்லாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. சரியாக அந்த ஊதா மதில் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டி நின்றது. பின்னால் மீன் பெட்டி. பிலோமினா. கடலோரக் கடப்புறத்திலிருந்து வந்து எங்கள் பக்கமெல்லாம் மீன் விற்கிற அம்மா, எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"எலே விஜயா, எங்கோட்டு? ஏறு பின்னால."

விஜயனுக்குப் பொறுமை போய்விட்டது. "எனக்கிட்ட கேக்காண்டாம். அக்கா இருக்கா, அவகிட்ட கேளு" என்று போனை அவர் கையில் திணித்துவிட்டான். திரையில் திடீரென்று பிலோமினாவின் முகம், மூக்குத்திவரை.

"லதாவா? எங்கடி நிக்கிற? அது என்ன கோட்டை?"

"தீம் பார்க்கு சேச்சி. பிள்ளைய கூட்டிட்டு வந்தோம்."

"ஆருக்க கோட்டை?"

"ஆருக்கும் இல்ல. சும்மா கெட்டி வச்சிருக்காவ."

"அப்போ உள்ள ஆரு தாமசம்?"

"ஆரும் இல்ல."

"ஆளு இல்லாத வீட்டுக்கு இவ்வளவு லைட்டா?" என்றார் பிலோமினா. "எங்க கடப்புறத்துல ஒரு ரோட்டு லைட்டுக்கு எத்தன மனு குடுத்தாச்சு." பிறகு குரலை இறக்காமலே கேட்டார், "இவன் எதுக்கு இப்படி நடக்கான்?"

தயங்கினேன். விஜயன் பக்கத்தில் நிற்கிறான் என்பது தெரியும். ஆனால் மறைத்து என்ன ஆகப்போகிறது? "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காவ. நடந்தாத்தான் பாக்கி விரலு இருக்கும் சேச்சி. ஆளுவ குனிஞ்சு காலைப் பாக்காவன்னு இவனுக்குச் சங்கடம்" என்றேன்.

"அதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கான்? விரலு போனது சந்தைல எல்லாருக்கும் தெரியும். அவன் ஆசுபத்திரில கெடந்தப்போ நெத்தோலி கொண்டு குடுத்தது நானாக்கும். என் வீட்டுக்காரனுக்கு வள்ளத்துல கயிறு மாட்டி விரலு போச்சு. அந்தக் கையோடதான் இப்பவும் கடலுக்குப் போறான், அவனை யாரும் குனிஞ்சு பாக்கல." அவர் முகம் திரையிலிருந்து திரும்பியது. "எலே, நட. வண்டில ஏறாண்டாம். நாளைக்கும் இதே நேரம் நான் வருவேன். இந்த மதிலுக்கிட்ட உன்னைக் காணலண்ணா வீட்டுக்கு வந்து விளிப்பேன், கேட்டியா?"

போன் விஜயன் கைக்குத் திரும்பியது. படம் நடுங்கியது, வாழையும் வானமும் மாறி மாறி வந்தன. மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. நிவேதா கண்ணை மூடிக்கொண்டு, "இப்போது எனக்குத் தலை சுற்றுகிறது" என்றாள். எனக்கு அந்தக் குலுங்குகிற படத்தைப்போல அழகான ஒன்றைப் புளோரிடா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்று தோன்றியது.

7

அதன்பிறகு விஜயன் யாருக்கும் பதில் சொல்வதில்லை. வண்டி நின்றால் போனை நீட்டுவான். நான் ஏரிக்கரையில் ஓடிக்கொண்டே பாறசாலைக்குப் பதில் சொன்னேன். ஆமா, ஓட்டம்தான். இல்ல, ஒண்ணும் சம்பவிக்கல. அந்தத் தண்ணி குடிக்கக் கொள்ளாது. ஆமா, கல்லுதான் பாடுது. ரிட்டயரான ஒரு வாத்தியார் அந்தக் கோட்டைக்குப் பெயிண்ட் அடிக்க எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்டு, விஜயனிடமே கணக்குப் போடச் சொன்னார். மூச்சிரைக்க எனக்குப் பேச்சு வரவில்லை, நிவேதா போனை வாங்கிக்கொண்டாள். "எங்கோட்டு மோளே?" என்று யாரோ கேட்டார்கள். அவள் தமிழில், கொஞ்சம் மலையாளமும் கலந்து, ஏரியைச் சுற்றி ஓடுகிறோம் என்று சொல்லிப் பார்த்தாள். அங்கே இருந்தவர்களுக்குப் புரிந்தது. சிவப்பு மையில் யாரும் அடிக்கவில்லை.

பிலோமினா சொன்னபடி தினமும் மதிலுக்கருகே வந்தார். உள்ளங்காலில் முதல்முறையாகக் கொஞ்சம் சிவப்பு தெரிந்தது. செருப்பின் வாரைத் தளர்த்தச் சொன்னேன், மறுநாள் அது போயிருந்தது. குனிந்து பார்க்கிறவர்கள் இன்னும் பார்க்கிறார்கள் என்றான். "பாக்கட்டு" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

விடுமுறையின் கடைசிக் காலை. பெட்டிகள் கட்டியாகிவிட்டது, விமான நிலையத்துக்கு வண்டி வருவதற்கு முன் ஒருமுறை ஓடலாமென்று நான் மட்டும் இறங்கினேன். அன்றைக்கு ஏரியில் மூடுபனி. கோட்டையின் மேல்பாதி மட்டும் தண்ணீருக்கு மேலே மிதந்தது. தண்ணீரோரத்தில் நீளமான கால்களுடன் ஒரு சாம்பல் நிறக் கொக்கு, என் இடுப்பளவு உயரம், அசையாமல் நின்றது. இத்தனை நாளில் இதைப்போல ஒன்றைக் கண்டதில்லை. விஜயனுக்குக் காட்டவேண்டுமென்று ஓட்டத்தை நிறுத்தி, அது பறந்துவிடாமல் மெல்லப் போனை எடுத்துக் கூப்பிட்டேன்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். மூன்றாவது தடவையும் கூப்பிட்டேன். நர்ஸுகளுக்கு நல்லதாக ஒன்றும் தோன்றாது.

எடுத்தது ஷீலா. திரையில் அவள் சமையலறைச் சுவர்.

"அவன் எங்க ஷீலா? என்னாச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா. அவரு நடக்கப் போயாச்சு. போனு இஞ்ச கெடக்கு."

"போனை எடுக்காமலா?"

"வேண்டாம்னு வச்சிட்டுப் போனாரு. போனைப் பிடிச்சிட்டு நடந்தா கை வீச முடியலையாம். சாபுவும் கூட உண்டு, ஆட்டோவை இஞ்ச போட்டுட்டு நடந்தாக்கும் போனான்."

"செருப்பு?"

"போட்டிருக்காரு. வந்தா காலு நான் பாக்கேன், நீங்க பயப்படாண்டாம்."

நான் கேட்க நினைத்ததெல்லாம் அவளே சொல்லிவிட்டாள். சந்தோஷமாக இருந்தது, அதில் பொய்யில்லை. இதற்காகத்தானே இத்தனை நாளும் ஓடினேன். ஆனால் சந்தோஷத்துக்குப் பக்கத்திலேயே நெஞ்சுக்குள் ஒன்று வலித்தது. அவன் இந்நேரம் வாழைத்தோட்டத்தைத் தாண்டியிருப்பான். யாராவது வண்டியை நிறுத்திக் கேட்டிருப்பார்கள், அவனே வாயைத் திறந்து பதில் சொல்லியிருப்பான்.

"எதாவது சொல்லணுமா அக்கா?" என்றாள் ஷீலா.

கொக்கு இன்னும் அங்கேயேதான் நின்றது.

"ஒண்ணும் இல்ல, ஷீலா" என்றேன். "சும்மா விளிச்சேன்."